மனசு போடாத கையெழுத்து

அன்புள்ள உங்களுக்கு,

ஓய்வு பெற்றதும் ஒரு வாரம் என்று ஈரோட்டுக்கு உங்கள் அக்கா வீட்டுக்குப் போனீர்கள். இரண்டு மாதமாகிறது. போன் செய்தால், "உடம்புதான் இங்க இருக்கு, மனசு பூரா அங்கதான்" என்கிறீர்கள்.

மனமும் உடலும் தனித்தனிப் பொருள்கள், ஒன்றில்லாமல் மற்றது இருக்கும் என்று இருபது வருடம் கல்லூரியில் தத்துவப் பாடம் நடத்தியவள் நான். ஒரு நாளும் நம்பியதில்லை.

கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் படிவத்தை உங்கள் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். "சாரே நேர்ல வந்து கையெழுத்து போடணும் மேடம்" என்றார் கிளார்க். "அவர் மனசு இங்கதாங்க இருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டைக் காலி செய்ய முப்பதாம் தேதி கடைசி.

நீங்கள் வேலை முடிந்து வந்திறங்கிய முதல் ஷிப்ட் பஸ் மதியம் தெருமுனையில் நின்றால், இன்னமும் என் கால்கள் கேட்டைத் திறக்கப் போகின்றன. நான் அவற்றை அனுப்பவில்லை.

மனசை அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உடம்பு வந்தால் போதும்.

இப்படிக்கு,
பத்தொன்பதாம் பிளாக்கில் உடம்போடு இருப்பவள்