மல்லாட்டைப் பிரசங்கம்

15-11-99, திங்கள்

காலையிலிருந்து தூறல். விக்கிரவாண்டி பஸ் முக்கால் மணி லேட். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக் கூரை ஒழுகல். பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு சேர்த்து உட்கார வைத்தேன், ஒரே சந்தைக்கடை.

வாங்க: அம்மா முழங்காலுக்குத் தைலம், வெள்ளைத்தாள், குடை ரிப்பேர்.

சாயங்காலம் பாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். "டீச்சர், ஞாயித்துக்கெழமை அறுப்பின் பண்டிகைக்கு நீங்கதான் செய்தி குடுக்கறீங்க. மாசாமாசம் சபைப் பத்திரிகையில வயல்வெளி தியானம் எழுதறீங்களே, அதே மாதிரி எளிமையா."

பிரசங்கத்துக்கு உடனே சரி என்றேன். அவ்வளவு அவசரமாகச் சொன்னது எனக்கே வெட்கம். சபை மூப்பர் தேவாசீர் முதல் பெஞ்சில்தான் உட்காருவார். எழுபத்தெட்டு வயதிலும் காது நன்றாகக் கேட்கிறதாம். விசாரித்துவிட்டேன்.

இனி இங்கே அவருக்கு 'மூ.' போதும். முழுப் பெயர் எழுத மை வீண்.

16-11, செவ்வாய்

விடாத மழை. திண்டிவனம் தாண்டி பஸ் ஜன்னலில் பாறைகள். வேதத்தில் பாறைமேல் விழுந்த விதையை நினைக்கப் போனேன், மூ.வின் நெஞ்சுதான் வந்தது. ஏரி மதகு என்றால் அடுத்தவனுக்குத் தண்ணீர் விடாத மூ. கருவேலமுள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆறு வருஷமாகப் பத்திரிகையில் எழுதியதெல்லாம் அந்த ஓர் ஆளின்மேல் எறிந்த கல். படித்தவர்கள் 'ஆசீர்வாதமாக இருந்தது' என்று கடிதம் போடுகிறார்கள்.

கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். அவசரமில்லை, ஞாயிறு முடிந்தபின் மன்னிக்கட்டும்.

18-11, வியாழன்

பிரசங்கக் குறிப்பு:

1. மல்லாட்டைச் செடி (பத்திரிகையில் எழுதினால் வேர்க்கடலை). பூ வெளியே, காய் மண்ணுக்குள். நன்மை செய்வதும் அப்படி மறைவாக. (இது எல்லாருக்கும்.)

2. ஊர் வழக்கம். செடி பிடுங்கி முடிந்ததும் நிலக்காரர் "காடு திறந்தாச்சு" என்று குரல் கொடுப்பார். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் களைக்கொத்தோடு இறங்கி, மண்ணில் தங்கிய காயைக் கிளறி எடுக்கலாம். பொறுக்கியது பொறுக்கியவருக்கே. ஏழைகளுக்காகக் கதிரைச் சிந்தவிட்ட நிலக்காரர் வேதத்திலும் உண்டு.

3. மூ.

மூன்றாவதை இங்கேயே முழுசாக எழுதிவிடுகிறேன். எனக்கு எட்டு வயது. அப்பா செத்த வருஷம். மூ. தன் ஏரிக்கரைக் காட்டைத் திறந்துவிட்டார். அம்மாவோடு நானும் போனேன். அம்மாவுக்குக் கைராசி, மண் வெடிப்பைப் பார்த்தே உள்ளே காய் இருக்கிறதா இல்லையா என்று சொல்வாள். மத்தியானத்துக்குள் மடி நிறைந்துவிட்டது. மற்றவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை. மூ. வரப்பில் வந்து நின்றார்.

"இவ்ளோ பொறுக்கினதா, களத்துல அள்ளினதா? ஏ மார்த்தா, மடிய அவுரு."

அம்மா அவிழ்த்தாள். மல்லாட்டை எல்லாம் அவர் காலடியில் கொட்டியது. இருபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த ஞாயிறு காணிக்கைப் பை ஏந்தி வந்தவரும் மூ.தான். அம்மா தலை குனிந்தபடி காணிக்கை போட்டாள். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

19-11, வெள்ளி

பஸ்ஸில் முன் சீட்டு ஆள்: "ஜல்தியா புடுங்குடா, இந்த மழைக்கு மல்லாட்டை மண்ணுக்குள்ளயே மொளைச்சிக்கும்."

சரியான பேச்சு. எடுக்காமல் விட்டது முளைக்கத்தான் செய்யும். என் வயிற்றில் இருபத்தொன்பது வருஷமாக முளைத்துக்கொண்டிருக்கிறது.

கடைத்தெருவில் மூ. எதிரே வந்தார். கைத்தடி, வெள்ளைச் சட்டை. "போன மாசம் மதகு பத்தி எழுதனியே, ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. சில பேருக்கு நல்லா ஒறைக்கும்."

ஒறைக்குமாம்! அவருக்கு ஒறைக்கவில்லையே. ஞாயிற்றுக்கிழமை ஒறைக்க வைக்கிறேன்.

20-11, சனி

மழை விட்டது. கோயில் வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. பிரசங்கம் மனப்பாடம். பேர் சொல்லப் போவதில்லை. ஏரிக்கரைக் காடு என்றாலே போதும், அது யார் காடு என்று ஊருக்கே தெரியும்.

அம்மா கேப்பைக் கூழ் துழாவிக்கொண்டே, "இன்னாடி ரெண்டு நாளா முணுமுணுத்துக்கினே இருக்கற? நாளைக்கு இன்னா பேசப் போற?"

"மல்லாட்டையப் பத்தி."

"அத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? என்னக் கேளு" என்று சிரித்தாள்.

சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவாள். அவளுக்காகத்தானே இத்தனை வருஷம் சுமந்தேன், அதை இறக்கிவைக்க அவளிடம் அனுமதி எதற்கு?

21-11, ஞாயிறு

ஆயிற்று.

கோயில் நிறைய ஜனம். பீடத்துக்கு முன்னால் பூசணி, வாழைத்தார், கேப்பை, கட்டிப்போட்ட கோழி. நடுவில் ஒரு மூட்டை மல்லாட்டை, மூ. வீட்டுக் காணிக்கை. இருபது நிமிஷம் பேசினேன். 'மடிய அவுரு' என்ற இடத்தில் குரல் உடையவில்லை. எல்லாத் தலையும் முதல் பெஞ்சுக்குத் திரும்பியது. மூ. குனிந்துவிட்டார். ஜில்லென்று இருந்தது எனக்கு, மறைப்பானேன்.

பிறகு அந்தத் தலைகளெல்லாம் அம்மா பக்கம் திரும்பின. அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல காணிக்கைப் பொருள்களின் ஏலம். மல்லாட்டை மூட்டை வந்ததும் மூ. எழுந்தார். தான் கொடுத்த மூட்டையைத் தானே ஏலம் கேட்டார். எதிர்த்து யாரும் கேட்கவில்லை. மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு பெண்கள் பக்கம் போனார்.

"மார்த்தாம்மா, தப்பு பண்ணிட்டேன். மடியப் புடிங்க."

அம்மா எழவில்லை. பக்கத்துப் பெண்கள் அழுதுகொண்டே தூக்கி நிறுத்தினார்கள். "புடிங்கக்கா, வயசான மனுசன் நின்னுக்கினு கீறாரு பாரு." அம்மா முந்தானையை ஏந்தினாள். அவர் கொட்டினார். திரும்பப் போய் அள்ளிவந்து கொட்டினார். மடி நிறையும்வரை. சபை முழுக்கக் கைதட்டல். இதுதான் மனந்திரும்புதல் என்று பாஸ்டர் ஜெபம் பண்ணினார்.

வெளியே வந்தால் மூ.வைச் சுற்றிக் கூட்டம். "இன்னா மனசு சார் அவருக்கு!" என் கையையும் பிடித்துக் குலுக்கினார்கள். பழி வாங்கப் போனவள், அந்த ஆளைப் பரிசுத்தவான் ஆக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

22-11, திங்கள்

வெயில். லீவு போட்டேன். தைலம் இன்னும் வாங்கவில்லை.

மல்லாட்டை மூலையில் முறத்தோடு கிடக்கிறது. அம்மா தொடவில்லை, நேற்றிலிருந்து என்னோடு பேசவும் இல்லை. அவர்மேல் கோபமா, என்மேல் கோபமா என்று கேட்டேன். மத்தியானம் சோறு போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அன்னிக்கி இருவது பேரு பாத்தாங்க. அதுல பாதிப் பேரு செத்துட்டாங்க, மீதிப் பேரு மறந்துட்டாங்க. நான் பாட்டுக்கு நிம்மதியா கோயிலுக்குப் போய்க்கினு இருந்தேன். இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கினுடி போவேன்?"