நீ சொல்லாமல் வந்த பெயர்

ஜெலுத்தோங், பினாங்கு
8-8-1937

அன்பு மகள் சந்திரிகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. தண்ணீர்மலை முருகன் தயவில் இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நீயும் சுகந்தானே என்று வழக்கம்போல் கேட்க மனம் வரவில்லை, நீ சுகமாக இல்லை என்று உன் கடிதமே சொல்கிறது. எப்போதும் நான் சொல்லச் சொல்ல உன் அப்பாதான் எழுதுவார். இது அவரை வைத்துக்கொண்டு சொல்கிற சங்கதி இல்லை, அதனால் நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபத்தினால் என்று வைத்துக்கொள்.

ஐந்தாவது பிரசவத்தில் நீ பிழைத்ததே பெரிது, இன்னொன்று வந்தால் தாய் தங்கமாட்டாள் என்று உங்கள் ஊர் டாக்டரம்மா சொன்னதாகப் போன வருஷம் நீதான் எழுதினாய். கர்ப்பம் உண்டாகாமலிருக்க வழி சொல்லித்தர வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் தனி அறையில் உட்காருகிறாள் என்று படித்ததும் அந்த அம்மாளை இங்கிருந்தே கும்பிட்டேன். நீயோ வெட்கப்பட்டுக்கொண்டு இன்றைக்கு நாளைக்கு என்று கடத்தினாய். இப்போது சட்டசபைக்கு நின்று ஜெயித்த உங்கள் ஊர்ப் பெரிய மனிதர், மேடையில் முழங்கியபடியே அந்த அறையை மூட ஏற்பாடு செய்துவிட்டார், ஆவணியோடு சரி என்று எழுதுகிறாய். பிப்ரவரியில் ஓட்டுப் போடப் போன கதையையும் இப்போதுதான் அவிழ்க்கிறாய்.

மாப்பிள்ளைக்கு நிலம் இருப்பதால் அவர் பெண்சாதி என்று உனக்கும் ஓட்டு வந்தது. ஓட்டுச் சாவடியில் குமாஸ்தா உன் புருஷன் பெயரைக் கேட்டாராம், நீ தலையைக் குனிந்துகொண்டாயாம். பேரச் சொல்லும்மா, பின்னால எத்தினி பேர் நிக்கிறாங்க பாரு என்று மூன்று தடவை கேட்டும் வாய் திறக்கவில்லையாம். எழுதிக் காட்டச் சொன்னபோதும் மாட்டேன் என்றாயாம், ஒதுங்கி நில் என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிட்டாயாம். உன் தெருவில் மட்டும் இப்படித் திரும்பியவர்கள் பதினோரு பெண்கள். உன் மாமியார் மெச்சித் திருஷ்டி சுற்றிப் போட்டாராம். அந்த மனிதர் எத்தனை ஓட்டில் ஜெயித்தார் என்று நீ எழுதவில்லை. எழுதவும் வேண்டாம், எனக்குத் தாங்காது.

இந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான். ஏழு வயதில் பொம்மைக் கல்யாணம் நடத்தி, மாப்பிள்ளைப் பொம்மையை நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று உன் வாயில் அடித்தவள் நான்தானே. உன் அப்பா பேப்பரை உரக்கப் படிக்கும்போது நானும் காது கொடுத்துக் கேட்கிறேன். ஜெர்மனியில் ஓட்டு வாங்கி வந்த கட்சி, கர்ப்பத்தைத் தடுக்க இப்படி வழி சொல்லித்தந்த இடங்களையெல்லாம் பூட்டிவிட்டதாம். சீமையில் இருபத்தொரு வயதான பெண்களெல்லாம் ஓட்டுப் போட்டார்கள், அடுத்த வருஷமே ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லித்தரலாம் என்று சர்க்கார் இறங்கிவந்தது. இங்கே எங்களுக்கு ஓட்டு என்பதே கிடையாது. உன்னைக் கையில் ஏந்திய மலாய்க்காரப் பீடான் சலேஹாவிடம், இன்றும் அவள்தான் இந்தத் தெருவில் பிரசவம் பார்க்கிறாள், உன் கதையைச் சொன்னேன். நம்மள ஒருத்தனும் கேக்கமாட்டான், கேட்ட எடத்துல உன் மக சும்மா நின்னுட்டு வந்தாளா லா என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நேற்றுக் காலை கோப்பியை வைத்துவிட்டு, பிச்சைமுத்து என்று உன் அப்பாவைக் கூப்பிட்டேன். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. யாரோ வெளியே கூப்பிடுகிறார்கள் என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து கோப்பியைக் குடித்தார். இன்றுவரை ஒரு ஜலதோஷம்கூட இல்லை.

ஆகவே நான் சொல்வதைக் கேள். அந்தப் பதினோரு பேரையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போ, மாமியாரிடம் உத்தரவு கேட்டு நிற்காதே. மாப்பிள்ளை எதிரில் நின்று, ராமதாஸ் என்று கூப்பிட்டு, டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொல். அவர் நல்லவர்தான், ஆனால் நீ செத்தபிறகு அழுகிற நல்லவர் எனக்கு வேண்டாம். கேட்கமாட்டார் என்றால் ஐந்து குழந்தைகளோடும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறு, பினாங்குத் துறைமுக ஜெட்டியில் நாங்கள் நிற்போம்.

ஆசீர்வாதம் எழுதவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். தீர்க்க சுமங்கலியாக இரு என்று இத்தனை வருஷம் எழுதவைத்தேன். புருஷனுக்கு முன்னால் நீ போய்ச் சேர் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று இப்போதுதான் உறைக்கிறது. பெற்றவள் அதை இனி எழுதமாட்டேன். நீ இரு சந்திரிகா. தலை நரைத்து, பல் விழுந்து, யார் இருந்தாலும் போனாலும் நீ இரு. இது கைக்கு வரும்போது ஆவணியில் நாலு வியாழக்கிழமை மிச்சமிருக்கும், முதல் வியாழக்கிழமையே போய்விடு.

உன் அம்மா
தனலெட்சுமி