யாருடைய சளி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேற்று, ஆஸ்பத்திரியில் நீ அடித்த அந்த ஆய்வகக்காரரின் அண்ணன்கள் கடப்பாரையோடு வந்து நம் வாசல் கதவைப் பிளந்தார்கள். நீ எங்கே என்று கேட்டு என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. நீ உன் கூட்டாளி வீட்டில் பதுங்கியிருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ ஸ்டூலால் அடித்ததில் அந்த மனிதருக்கு ஒரு கண் போய்விட்டது. தாடை நொறுங்கி, மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு போகிறது. காசநோய் இருக்கிறதா இல்லையா என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லும் மெஷினையும் தரையில் போட்டு மிதித்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்கே அது ஒன்றுதான். பெரிய வீரன்தான் போ! வார்டில் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் எல்லாம் இருமி இருமி உன்னை வாழ்த்துகிறார்கள்.

அப்பாவுக்குக் காசநோய் என்று முடிவு வந்தது. தனி வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே இதயம் நின்று செத்தார். உனக்கு வந்த ஆத்திரம் எனக்கும் வந்தது. ஆனால் அடிக்கும்போது நீ கத்தினாயே, "இந்த மெஷின் பொய் சொல்லுது, அது யாரு சளின்னு தெரியுமாடா உனக்கு" என்று. உன்னைப் பிடித்து இழுத்த யாருக்கும் அது விளங்கவில்லை. எல்லாம் முடிந்து வீட்டில் தனியாக உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அப்பாவுக்கு மூச்சு விடவே முடியவில்லை. பரிசோதனைக்குச் சளி எடுக்கக் கொடுத்த டப்பாவில் அன்று வெறும் எச்சிலைத்தான் துப்பினார். இது ஆகாது, நெஞ்சிலிருந்து சளி வர வேண்டும் என்று நர்ஸ் திருப்பித் திருப்பி அனுப்பினார். நீ டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனாய். திரும்பி வரும்போது அதில் சளி இருந்தது. வெறும் சிகரெட் இருமல் என்று வருஷக்கணக்காகச் சொல்கிறாயே, அந்தச் சளிதானே? அப்பாவுக்கு வைத்தியம் சீக்கிரம் தொடங்கட்டும் என்று செய்திருப்பாய். உனக்கு ஒன்றுமில்லை என்று நம்பியதால்தான் மெஷின் பொய் சொல்கிறது என்றாய்.

அது பொய் சொல்லவில்லையடா, தம்பி.

பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காசநோய் இல்லை என்று வந்திருந்தால் அன்றைக்கே இதயத்தைப் பார்த்திருப்போம் என்றார். இதை உன்னிடம் மறைக்க நினைத்தேன், முடியவில்லை. வழக்கமாகக் கொடுக்கும் முக்கிய மருந்துக்கு உன் கிருமி அடங்காது என்றும் அதே முடிவில் இருக்கிறதாம். கடை மாத்திரையை விழுங்கி ஏமாந்துவிடாதே. உனக்கு வேறு மருந்து வேண்டும்.

போலீஸ் உன்னைச் சும்மா விடாது. ஜெயிலிலும் அந்த மருந்து கொடுப்பார்களா என்று டாக்டரிடமே கேட்டேன். கொடுப்பார்களாம்.

நீ இருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அது சிரித்துக் கையை நீட்டினாலும் தூக்காதே. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு இன்றே கிளம்பி வா. அடி வாங்கினாலும் உயிரோடு வாங்கு, என் கண்ணே. நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன்னை வெறுக்கத் தெரியாத,
அக்கா