தர்பகன்களை எண்ணிய நாள்

அன்புள்ள கன்ஸோரிக்குக்கு,

நானும் மகளும் சுகம். ஆடுகள் குளிரைத் தாண்டி, விலா எலும்பு மறையும் அளவுக்குச் சதை போட்டுவிட்டன. கொரியாவில் உங்களுக்கு நல்ல ஆட்டுக்கறி கிடைக்கிறதா?

முதலில் நீங்கள் கேட்ட விஷயம். வளை தோண்டி வாழும் அந்தக் கொழுத்த மலை அணில்களை, நம் தர்பகன்களை, வேட்டையாடியே இந்தப் பள்ளத்தாக்கில் தீர்த்தோம். போன கோடையில் பதினான்கை வெளியிலிருந்து கொண்டுவந்து பழைய வளைகளில் விட்டோம். அவை குளிர்காலத் தூக்கத்திலிருந்து எழாவிட்டால், அவற்றுக்கே ஆகாத மண்ணில் ஆடு எப்படிப் பிழைக்கும், கூடாரத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்விடலாம் என்று சொல்லித்தானே விமானம் ஏறினீர்கள்? அன்றிலிருந்து பனி உருகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எண்ணும் வேலை உங்கள் தம்பி செரெனுக்கு. ஆளைக் கண்டாலே அவை வளைக்குள் ஓடின. பார்த்தான், பழைய வேட்டைக்கார வேஷத்தையே போட்டுவிட்டான். வெள்ளைச் சட்டை, நீண்ட காது வைத்த தொப்பி, கையில் சடைமாட்டு வால். அதைச் சுழற்றி இடுப்பை ஆட்டினால் தர்பகன்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்க்குமே, அந்த ஆட்டம்தான்!

அதை மேட்டிலிருந்து பக்கத்துக் கூடாரத்து நம்ஜில்மா அக்கா பார்த்துவிட்டார். திருட்டு வேட்டை என்று மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து, குதிரை பிடிக்கும் கம்பின் சுருக்கை அவன் தோளில் மாட்டிவிட்டார்.

"அடப்பாவி, இப்பதான் குட்டி போட்டிருக்கு, அதுக்குள்ள நாக்கு ஊறுதா?" என்று திட்டினார்.

"ஐயோ அக்கா, துப்பாக்கி எங்க இருக்கு? பென்சில்தான் இருக்கு!" என்று இவன் கத்தினான்.

"அப்படின்னா நீ ஆடு, நானே எண்ணுறேன்" என்று அக்கா புல்லில் குப்புறப் படுத்தார். சத்தம் கேட்டு ஓடிய நானும் பக்கத்தில் படுத்தேன். சிரித்தே வயிறு வலித்தது.

இருபத்தொன்று! பெரியவை பன்னிரண்டு, குட்டிகள் ஒன்பது. குளிரில் போன இரண்டுக்காக அழுதேன். அவை தோண்டித் தள்ளிய மண்ணில் புல் கரும்பச்சையாக நிற்கிறது. ஆடுகள் அங்கேதான் முட்டி மோதுகின்றன. ஒரு பழைய வளையில் செந்நிற வாத்து முட்டையிட்டிருக்கிறது, இன்னொன்றில் நரி குடியேறிவிட்டது. இந்தக் கொழுத்த பிராணி ஒன்று போனதும் எத்தனை பேர் ஊரைக் காலி செய்திருக்கிறார்கள், பாருங்கள்!

நேற்று கூடாரத்தை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். தேநீர் கொடுத்து, விற்பதற்கில்லை என்று அனுப்பிவிட்டேன். உங்களைக் கேட்காமல் நானே எடுத்த முடிவு. கோபமென்றால் நேரில் வந்து திட்டுங்கள்.

நீங்கள் நல்லபடி திரும்ப வேண்டி, வரும் திசையில் தினமும் பால் தெளிக்கும்,
ஸோல்ஜயா