நாற்பத்தொரு பேர் வரவில்லை

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி என்று அண்ணியிடம் போனில் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு, வேலை சொன்னா மட்டும் வலிக்குது" என்றார்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். போனில் என்றால் பாதியிலேயே புகுந்து தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒருத்தி படம் எடுத்திருக்கிறாள். என் வருகைப் பதிவேட்டில் அவள் பதினேழாம் எண். இப்போது நாற்பத்துநாலு வயது, பாதித் தலை நரைத்துவிட்டது. எனக்கு இன்னமும் பதினேழுதான். முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் இடிக்கப்பட்ட ஆற்றோர வீடுகளைப் பற்றிய படம். பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லை. இவள், கேமராக்காரர், ஒலிப்பதிவு செய்கிற ஒரு பெண் என்று மொத்தம் மூன்றே பேர். ஆறு வருட உழைப்பு.

நடிகர்கள் கிடையாது. அங்கே குடியிருந்தவர்களே வந்து இடம் காட்டுகிறார்கள். ஒரு அம்மா, இப்போது அங்கே இருக்கிற தொழிற்பேட்டையில் கார்கள் நிற்கிற இடத்துக்குப் போய், "இதுதான் என் அடுப்பு. அந்த வெள்ளைக் கார் நிக்குதே, அங்கதான் பிள்ளைங்க படுக்கும்" என்று கைகாட்டுகிறார். பெரிய படங்களில் சரித்திரம் என்றால் குதிரை வரும், கோட்டை எரியும். இதில் ஒரு அடுப்பு வருகிறது. அதுவும் இல்லாத அடுப்பு.

நானும் வருகிறேன், நான்கு நிமிடம். அந்த வருடத்துப் பதிவேட்டைப் பிரித்து நாற்பத்தொரு ஆற்றோரப் பிள்ளைகளின் பெயரையும் வாசிக்கிறேன். வீடுகள் போன பிறகு, பெயர் நீக்கம் செய்யச் சொல்லித் தலைமையாசிரியர் என்னை எவ்வளவு விரட்டினார், நினைவிருக்கிறதா? நீக்கினால் எதிரே காரணம் எழுத வேண்டும். "குடிபெயர்ந்தனர்னு எழுதித் தொலைம்மா" என்றார். அவர்களா பெயர்ந்தார்கள்? நான் நீக்கவில்லை. பள்ளி ஆண்டு முடியும்வரை தினமும் பெயர் கூப்பிட்டு, தினமும் "வரவில்லை" என்று குறித்தேன்.

ஆகஸ்டில் நூலக மாடியில் முதல் காட்சி. நீங்கள் வர வேண்டும்.

பாசம் குறையாத
தங்கை


ஜூன் 15

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. மேற்படி படத்தில் கலந்துகொள்ளும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"ஆற்றோரப் பகுதியில் குடியிருப்பு ஏதுமில்லை" என்ற அறிக்கையின் அடியில் இருப்பது என் கையெழுத்து என்பது உனக்குத் தெரியும். மேலிருந்து சொன்னார்கள், எழுதினேன். நான் மறுத்திருந்தால் வேறொருவன் எழுதியிருப்பான். இன்று மேற்படி இடத்தில் நாலாயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களையும் படம் எடுக்கச் சொல்.

நான் ஓய்வு பெற்ற தாசில்தார். தெருவில் நாலு பேர் வணக்கம் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என் சம்பாத்தியம். நீ அந்தப் பெண்ணிடம் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதிக் கொடு. உனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் கேட்கிறேன்.

அண்ணன்


ஜூன் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

சைக்கிள் கதையை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். பிடித்துக்கொண்டே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் கையை விட்டுவிட்டீர்கள். அதனால்தான் ஓட்டக் கற்றேன். இப்போது திரும்ப வந்து பிடிக்காதீர்கள்.

சம்மதத்தைத் திரும்பப் பெற மாட்டேன்.

அந்தப் பொய்யை நீங்கள் மட்டும் எழுதவில்லை, நானும் சொன்னேன். நான்காம் வகுப்புப் பாடத்தில், "ஆள் நடமாட்டமற்ற சதுப்பு நிலம் தொழிற்பேட்டையாக மாறியது" என்று ஒரு வரி. இருபத்தெட்டு வருடம் அதை நடத்தினேன். கேள்வி கேட்டேன், சரியாக எழுதியவர்களுக்குச் சிவப்பு மையால் சரி போட்டேன். அலமாரியில் நாற்பத்தொரு பெயரை வைத்துக்கொண்டே! பதிவேட்டில் மட்டும் வீரமாக இருந்தேன், வகுப்பில் வாயை மூடிக்கொண்டேன். இந்த நான்கு நிமிடம் நான் எனக்கே கொடுத்துக்கொள்கிற தண்டனை. அதையும் பிடுங்கப் பார்க்கிறீர்களே.

ஓர் உதாரணம் சொல்கிறேன், பாடம் எடுக்கிறாள் என்று சிரிக்காதீர்கள். கரும்பலகையை ஈரத்துணியால் அழுந்தத் துடைத்தால் பளிச்சென்று இருக்கும். காயட்டும், பழைய எழுத்து மெல்லத் தெரியும். பாடப்புத்தகம் ஈரத்துணி. இந்த மாதிரிச் சின்னப் படங்கள் வெயில்.

இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. பள்ளியை மூடியபோது பழைய காகிதத்தோடு போக இருந்த பார்வையாளர் பதிவேட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மார்ச் 9. எனக்குக் குடை கொடுக்க ஜீப்பில் வந்தீர்களே, அன்றைய பக்கம். "மூன்றாம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகளும் வந்திருந்தனர். கேட்ட கேள்விகளுக்குத் துணிவாக விடையளித்தனர். ஆற்றோரப் பிள்ளைகள் என்றால் நம்ப முடியவில்லை." கீழே உங்கள் கையெழுத்து. உங்கள் அறிக்கையிலும் அதே தேதி.

இதை இதுவரை யாரிடமும் காட்டவில்லை. பதினேழிடம்கூட. இக்கடிதத்தோடு நகல் வைத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள்.

தங்கை


ஜூலை 6

தங்கைக்கு,

படித்தேன். நீ மிரட்டுவாய் என்று நான் நினைத்ததில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு எழுதிவிட்டேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

தணிக்கைக் குழுவின் உத்தரவு வந்துவிட்டது. படத்தை வெளியிடலாம், ஆனால் நான் பெயர் வாசிக்கிற நான்கு நிமிடமும் ஒலி இருக்கக் கூடாதாம். யாரோ ஒரு பொதுநல விரும்பி மனுக் கொடுத்திருக்கிறார். நகலைப் பதினேழு காட்டினாள். ஒரு பக்கத்தில் ஒன்பது "மேற்படி". முப்பது வருடம் கட்டுரை திருத்தியவளுக்கு, எந்தக் கட்டுரை யாருடையது என்று பெயர் பார்த்தா தெரிய வேண்டும்?

பதினேழு அழவில்லை. "வெட்டிட்டா அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடும் டீச்சர். ஊமையாவே இருக்கட்டும். யார் வாயைப் பொத்தினாங்கன்னு ஜனங்க கேட்கட்டும்" என்றாள். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. பார்க்கப் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் உத்தரவு படத்துக்குத்தான், எனக்கு இல்லை. 17-ஆம் தேதி மாலை அந்த இடம் வரும்போது நான் எழுந்து நின்று வாசிப்பேன்.

மூன்றாம் வரிசையில் ஓர இருக்கை உங்களுக்கு. கால் நீட்ட வசதியாக இருக்கும். நான் மிரட்டவில்லை, அண்ணா. மார்ச் 9-ஆம் தேதிப் பக்கத்தை நீங்களே வந்து படித்தால், அது உங்கள் வார்த்தை. அன்று உண்மையைத்தான் எழுதினீர்கள், குடையோடு வந்த அந்த அரைமணி நேரத்தில். அந்த அண்ணாவைத்தான் கூப்பிடுகிறேன். நீங்கள் வராவிட்டால் நான் படிப்பேன்.

எதிர்பார்க்கும்
தங்கை


ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் வரவில்லை. இருந்தாலும் நேற்று நடந்ததை நீங்கள் என் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாடி நிரம்பி, படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் என் வாய் சத்தமில்லாமல் அசையத் தொடங்கியதும் எழுந்தேன். வருகைப் பதிவேட்டைப் பிரித்தேன். முதல் பெயரைக் கூப்பிடுவதற்குள் தணிக்கைக் குழுவின் அலுவலர் ஒருவர் உத்தரவுக் காகிதத்தோடு ஓடிவந்து, "அம்மா, படத்தோட சேர்ந்து பேசக்கூடாது" என்றார்.

"படம் பேசலையே தம்பி, நான்தானே பேசுறேன். உத்தரவுல என் வாயைப் பத்தி ஒரு வரி இருந்தா காட்டுங்க, உட்கார்ந்துடறேன்" என்றேன். காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவர் திருப்பி முடிப்பதற்குள் பத்துப் பெயர் போய்விட்டது.

பதினொரு பேர் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். வகுப்பில் சதா மிட்டாய் மென்றுகொண்டிருப்பானே, மிட்டாய்க்காரன், அவன் இப்போது லாரி ஓட்டுகிறான், தாத்தாவாகிவிட்டான். எழுந்து நின்று கையைக் கட்டப் பார்த்தான். தொப்பை விடவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பெயருக்குப் பதில் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி வந்திருந்தார், தனியாக. உங்கள் இருக்கையில் கைப்பையை வைத்திருந்தார். "அவருக்குக் காலு வீக்கம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வீக்கமெல்லாம் இல்ல. டீவியைப் போட்டுக்கிட்டு, அதைப் பார்க்காம உட்கார்ந்திருக்கார்" என்றார்.

படம் முடிந்ததும் மார்ச் 9-ஆம் தேதிப் பக்கத்தை நானே படித்தேன். கையெழுத்து யாருடையது என்பதையும், அவர் எனக்கு என்ன உறவு என்பதையும் சொன்னேன். பிறகு பார்வையாளர் பதிவேட்டைப் பதினேழிடம் கொடுத்துவிட்டேன். படத்தில் அதுவும் சேரும். இதற்கும் மனு எழுதலாம், "மேற்படி"யைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் ஏழு ஊர்களில் காட்சி. ஒலி திரும்பும்வரை ஒவ்வொரு ஊருக்கும் போய் நின்று வாசிக்கப்போகிறேன்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் ஒரு புது நோட்டு எடுத்தேன். தேதி போட்டு, முதல் வரியில் உங்கள் பெயரை எழுதி, எதிரே "வரவில்லை" என்று குறித்தேன். ஒவ்வொரு ஊரிலும் அந்த இருக்கையைக் காலியாக வைத்து, உங்கள் பெயரையும் கூப்பிடுவேன்.

பெயர் நீக்கம் செய்ய மாட்டேன், அண்ணா. அது எனக்குப் பழக்கமில்லை.

தங்கை