வலைக்கு வெளியே போட்ட பந்து

இன்சீன், ரங்கூன்
ஜனவரி 1926

அன்புள்ள அமலிக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். உன் இருமல் குறைந்ததா? மறைக்காமல் எழுது.

சனிக்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது. பயப்படாதே, நல்லதுதான். துரைமார் வலைக்குள் நின்று அடித்துப் பழகுவதற்குப் பந்து போடுவதுதானே கிரிக்கெட் கிளப்பில் என் சம்பள வேலை. வயதாகிவிட்டது, வேறு ஆள் பார்க்கலாம் என்று காரியதரிசி சொல்லிக்கொண்டிருந்தார். அன்று துரைமாரை எதிர்த்து ஆடும் நம் ஆட்கள் அணியில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று என்னையே போட்டியில் இறக்கினார்கள்.

எதிரணியில் கடைசியாக நின்ற துரை வலையில் என் பந்தைப் பல வருஷம் அடித்துப் பழகியவர். பழக்கதோஷத்தில் அவருக்குப் பிடித்த இடத்திலேயே போட்டேன். இரண்டு பந்தும் எல்லை தாண்டின.

விக்கெட் கீப்பர் சவரிமுத்து ஓடி வந்தான். "என்ன பெரியவரே, பந்தி பரிமாறுறீரா? இன்னைக்கு அவரு நம்ம விருந்தாளி இல்லய்யா."

அவருக்குப் பிடிக்காத இடமும் எனக்குத் தெரியுமே. மெதுவாக அங்கே போட்டேன். நடு ஸ்டம்பு சாய்ந்தது. ஜெயித்தோம், அமலி. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். போன பந்தை நினைத்தே வருந்துகிறவன் நான். கையில் இருக்கும் பந்துதான் நம்முடையது என்று இப்போது தோன்றுகிறது.

சட்டைக்கு நான்கு பொத்தான் அனுப்பு. இங்கேயும் கிடைக்கும், ஆனாலும் நீ பார்த்து எடுத்ததாக இருக்கட்டும்.

தபாலுக்கு நேரமாகிறது. காரியதரிசி இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொன்னார். உன்னைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன். கோபிக்காதே, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

உன்
ஞானமுத்து