கால் பெருவிரலால் நீங்கள் எழுதியது

இன்று காலையில் சன்னலைத் திறந்தேன். கம்பியில் நீங்கள் முடிச்சுப் போட்டு வைத்த சைக்கிள் டியூப் துண்டு வெயிலில் இளகி, கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தால் கையெல்லாம் கறுப்பு. முகர்ந்து பார்த்தேன். அந்தச் சூடான ரப்பர் வாசனை வந்ததும் உங்கள் வலது கால்தான் முதலில் ஞாபகம் வந்தது. முகம் பிறகுதான் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். எட்டு மாதம் நான் உங்கள் முகத்தைவிட அந்தக் காலைத்தான் அதிகம் பார்த்தேன்.

டியூபைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பவுடர் போட்டுத் துடைத்து அதே கம்பியில் கட்டிவிட்டேன். நீங்கள் போடும் வள்ளத்து முடிச்சு எனக்கு வராது. ஏதோ என் கைக்கு வந்த முடிச்சு.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. சொல்லாமல் விட்டவை சில இருக்கின்றன. உங்களிடம் சொல்லத்தான் இந்த நோட்டை வாங்கினேன்.

நமக்குக் கல்யாணமாகி ஆறாவது வருஷம் அது. நீங்கள் சங்கு குளித்துவிட்டு வந்து வள்ளத்திலிருந்து இறங்கும்போது கரையோரக் கல்லில் பாசி வழுக்கி, வலது பாதம் உள்பக்கமாக மடிந்துவிட்டது. தோளில் சங்கு மூட்டை. அதைக் கீழே போட்டிருந்தால் கையை ஊன்றித் தப்பித்திருக்கலாம். சங்கு உடைந்துவிடும் என்று நீங்கள் போடவில்லை. வீடு வந்து சேரும்போது கரண்டைக்கால் எலுமிச்சங்காய் வைத்துத் தைத்தது போல வீங்கியிருந்தது. எண்ணெய் போட்டு நீவினோம். முட்டை வெள்ளைக்கருவில் பத்துப் போட்டோம். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். நாலாம் நாள் காலைக் கெந்திக் கெந்திக் கடலுக்குப் போனீர்கள்.

திரும்பி வந்தபோது முகம் பூராவும் சிரிப்பு.

"ஏளா, தண்ணிக்குள்ள ஒரு நோவும் இல்ல. தண்ணி எங்கிட்ட காலு கேக்காது."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாம் பதினேழு வருஷத்தை ஓட்டினோம். மண்வெட்டி பிடிக்கிறவராக இருந்தால் மறுநாளே முடியாமல் ஆசுபத்திரிக்குப் போயிருப்பார். உங்களுக்கோ கடலில் இறங்கியதும் வலி போய்விடும். கரையில் வலித்தால் அது காலின் குற்றம் இல்லை, கரையின் குற்றம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். உங்களை மட்டும் சொல்ல மாட்டேன். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தடவும்போதெல்லாம், "நாளைக்கு கடல்ல எறங்கினா சரியாயிரும்" என்று சொல்லி அனுப்பியது நான்தான். மருந்துக்கு அனுப்புவது போல அனுப்பினேன். இதை உங்களிடம் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

கால் நமக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. புதுச் செருப்பு வாங்கினால் வலது செருப்பின் வெளி ஓரம் மட்டும் இரண்டு மாதத்தில் தேய்ந்துபோகும். வலது கெண்டைக்கால் இடதைவிடச் சூம்பிக்கொண்டே வந்தது. பிறகு முட்டி வலி வந்தது, அப்புறம் இடுப்பு. கடலுக்குள்ளும் நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு பக்கமாகவே வளைந்து போவீர்களாம். கூடக் குளிக்கிறவர்கள், "மச்சான் கடலுக்குள்ள ரவுண்டானா சுத்துதாரு" என்று கேலி செய்வார்கள். நீங்கள் அதை என்னிடம் வந்து சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது வேம்பாரில். உங்கள் தங்கை மகள் கல்யாணப் பந்தலில், சமமான தரையில், நடந்து வந்துகொண்டிருந்தவர் பொத்தென்று விழுந்தீர்கள். பந்திக்கு உட்கார்ந்திருந்த ஒருத்தன், "அண்ணாச்சி மத்தியானமே ஏத்திட்டாரு போல" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன் நீங்கள். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, அவன் இலைக்கு நீங்களே ரசம் ஊற்றினீர்கள்.

அதற்குப் பிறகு வள்ளத்தில் ஏறும் பலகையில் இரண்டு முறை கால் மடங்கியது. மூன்றாவது முறை மடங்கியபோது வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வீட்டுக்கே வந்துவிட்டார். நம்மைவிட வயதில் சின்னவர். வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"அண்ணாச்சி, இந்த சீசன் நீங்க வீட்ல இருங்க. பலகைல நீங்க ஏறும்போது எனக்கு ஈரக்குலை நடுங்குது."

"கடலுக்குள்ள நான் எப்படின்னு உனக்குத் தெரியாதா?"

"கடலுக்குள்ள தெரியும். பலகைல பாக்கவன் வேற மாதிரில்லா பேசுதான். குடிச்சிட்டு வாரீங்கன்னு நான் சொல்லல. ஊர் சொல்லுது."

அவர் போன பிறகு நீங்கள் சொன்னது எனக்கு மறக்காது. "வேலை போனாப் போகுது. அந்தப் பேரோட நான் கரையில உக்கார மாட்டேன்." மறுநாள் நான் உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு உங்களைப் பெரிய ஆசுபத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், வெட்டித் தைக்க வேண்டாம், முதலில் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே பயிற்சி கொடுக்கும் பொம்பளைப் பிள்ளைக்கு ஊர் நாசரேத்து. அந்த ஊரில் வீட்டுக்கு வீடு வாத்தியார். "அப்ப வாத்தியார் வீட்டுப் பிள்ளையாத்தான் இருக்கும்" என்று நீங்கள் சொல்ல, "அப்பாவும் அம்மாவும் ரெண்டு பேருமே டீச்சர்தான் அண்ணாச்சி, எப்படித் தெரியும்?" என்று அது சிரித்தது. உங்களை வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னது. இரண்டு நொடி நின்றிருப்பீர்கள். சுவரைப் பிடித்துவிட்டீர்கள்.

"எலும்பு உடையல. எலும்பைப் பிடிச்சிருக்க நார் அன்னைக்குக் கிழிஞ்சிருக்கு. கவனிக்காம விட்டதால தொளதொளன்னு ஒட்டியிருக்கு. அதனால தரை எங்கன இருக்குன்னு உங்க பாதத்துக்கே தெரிய மாட்டேங்கு."

"எனக்கு எதுக்கும்மா தரை? நான் கடல்காரன்."

"கடல்ல உங்கள யாரு தாங்குதா? தண்ணி தாங்குது. இத்தன வருஷம் அதுதான் உங்களுக்குக் கம்பு."

பதினேழு வருஷம் நமக்குப் புரியாதது அந்தப் பிள்ளை சொன்ன ஒரு சொல்லில் புரிந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை தோறும் ஆசுபத்திரி, மற்ற நாளெல்லாம் வீட்டில் பயிற்சி. டியூபைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். தரையில் துண்டை விரித்துக் கால்விரலாலேயே சுருட்ட வேண்டும். படியின் ஓரத்தில் நின்று குதிகாலை ஏற்றி இறக்க வேண்டும். ஒற்றைக் காலில் முப்பது நொடி நிற்க வேண்டும். நமக்கு நொடி எங்கே தெரியும்? 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை நான் சொல்ல, அது முடியும் வரை நிற்பது என்று நாமே வைத்துக்கொண்டோம். அடுத்த செவ்வாய் அந்தப் பிள்ளை எத்தனை நொடி என்று கேட்டது. "அரை அருள்நிறைம்மா" என்றீர்கள். அது சி.எஸ்.ஐ. பிள்ளை, அவர்கள் சபையில் மாதா ஜெபம் கிடையாது. அதற்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் அட்டையில் அப்படியே எழுதிக்கொண்டது.

ஒன்றை மட்டும் செய்ய மாட்டேன் என்றீர்கள். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பெருவிரலைப் பேனாவாக நினைத்து, காற்றில் அ, ஆ என்று கடைசி எழுத்து வரைக்கும் எழுத வேண்டும். "ஒண்ணாப்புப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லுதா. நான் படிச்சதே மூணாப்பு. எனக்கு எழுத்தெல்லாம் எங்கன நெனப்பிருக்கு" என்று ஒரு வாரம் முரண்டு பிடித்தீர்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. என் பேரைக் கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர் பேரைக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். கடைத்தெருவில் போய்ப் படம் போட்ட எழுத்து அட்டை ஒன்று வாங்கி வந்து சுவரில் ஒட்டினேன்.

"நீங்க எழுதுங்க, நான் வாசிக்கேன். எனக்கு வாசிக்க முடியலன்னா நீங்க மறுபடியும் எழுதணும்" என்றேன்.

"இது என்னளா சட்டம்?"

"நம்ம வீட்டுச் சட்டம்."

எதிரே உட்கார்ந்தால் எழுத்து திரும்பித் தெரிந்தது. அதனால் கட்டிலில் உங்கள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் பட்டப்பகலில் அப்படி உட்கார்ந்ததில்லை. 'ட', 'ப' எல்லாம் உங்களுக்குச் சுலபம். நேர்க்கோடுதானே. 'இ' வந்தால் கரண்டை முழுசாகச் சுற்ற வேண்டும். பல்லைக் கடிப்பீர்கள். வலி கூடிய நாளில் ட, ப, ட, ப என்றே எழுதி ஒப்பேற்றப் பார்ப்பீர்கள். நான் விட மாட்டேன். நாலாம் மாதம் ஒருநாள் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தவர், இரண்டு எழுத்தைச் சேர்த்து ஒரு சொல் எழுதினீர்கள். கூட்டி வாசித்தேன். 'சோறு' என்று வந்தது. அன்றைக்கு மத்தியானம் உங்களுக்குப் பசி. நான் வாசித்த முதல் கடிதம் அதுதான்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆறாம் மாதத்துக்குப் பிறகு நீங்கள் எழுதிய எல்லாமே எனக்கு வாசிக்க வந்தது. ஆனாலும் 'இ' எழுதும்போதும் 'ஐ' எழுதும்போதும், "சரியாத் தெரியல, இன்னொருக்க எழுதுங்க" என்பேன். நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவீர்கள். கடைசிச் செவ்வாய்க்கிழமை நீங்கள் அந்தப் பிள்ளையிடம், "இவளுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. மனசுலதான் கள்ளம்" என்று சொன்னபோதுதான் உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த சீசன் தொடங்கிய நாள். பங்குச் சாமியார் வள்ளங்களை மந்திரித்துத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். பெண்கள் எல்லாம் கரையில் நின்றோம். சம்மாட்டி வள்ளத்துக்குள் நின்றுகொண்டு உங்களுக்காகக் கையை நீட்டினார். அந்தப் பலகை ஒன்றரை அடி அகலம் இருக்குமா? கீழே தண்ணீர் ஆடுகிறது, பலகையும் ஆடுகிறது. நடுவில் போனதும் நீங்கள் நின்றீர்கள். மடங்கிவிட்டதோ என்று பார்த்தால், இடது காலைத் தூக்கிக்கொண்டு, அடிபட்ட காலில் மட்டும் நிற்கிறீர்கள். என் வாய் தானாக ஜெபத்தைத் தொடங்கிவிட்டது. 'ஆமென்' வரைக்கும் நின்றீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கையைப் பிடிக்காமலே உள்ளே போனீர்கள்.

"கைய வச்சுக்கோ தம்பி, சங்கு எண்ணுததுக்கு ஆகும்."

கரையில் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேம்பார்ச் சிரிப்பு இல்லை. குடிகாரன் என்ற பேர் அன்றைக்கு அந்தப் பலகையிலிருந்து தண்ணீரில் விழுந்தது. நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு என் நடையே வேறு.

இரண்டு சீசன் குளித்தீர்கள். கடலுக்குள் நேராகப் போகிறீர்கள் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். மழை நாளில் கரண்டை கொஞ்சம் கடுக்கும், டியூபை எடுத்து மாட்டிக்கொள்வீர்கள். முழுசாகப் பழைய காலாக ஆகாது என்று அந்தப் பிள்ளையும் முன்கூட்டியே சொல்லியிருந்தது. ஆனால் நம்பி ஊன்றலாம் என்றது. நீங்கள் நம்பி ஊன்றினீர்கள். கடைசியில் உங்களைக் கொண்டுபோனது காலும் இல்லை, கடலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், தண்ணீர் கேட்டீர்கள். நான் செம்போடு வருவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது.

உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும், கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சம்மாட்டிதான் வெள்ளைத் துணி கிழித்துக்கொண்டு வந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. எழுதிய விரல் அது. துணியைச் சுற்றப்போனவர் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார். கெண்டைக்கால் இரண்டும் ஒரே தடிமனாக இருந்தது.

"மதினி, இதுல அடிபட்ட காலு எது?" என்று மெதுவாகக் கேட்டார்.

பலகையில் நீங்கள் மடங்கியதைக் கண்ணால் பார்த்த மனுஷன் அவர். அவருக்கே தெரியவில்லை.

"ரெண்டும் நல்ல காலுதான்" என்றேன். அழுதுகொண்டிருந்த வாயால்தான் சொன்னேன். ஆனாலும் அந்தச் சொல் நிமிர்ந்துகொண்டுதான் வெளியே வந்தது.

சுவரில் எழுத்து அட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. சந்தேகம் வந்த எழுத்துக்கெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவும் எழுதினேன். பத்து நாள் ஆயிற்று. 'இ' எழுதும்போது மட்டும் என் வலது கால் தானாக ஒரு சுற்றுச் சுற்றுகிறது. நீங்கள் எங்கே இருந்து இதை வாசிக்கிறீர்களோ தெரியாது. என் எழுத்து கோணல். ஏதாவது புரியவில்லை என்றால் சொல்லுங்கள். மறுபடியும் எழுதுகிறேன். நம்ம வீட்டுச் சட்டம் அதுதானே.